உருவப்படத்தில் பார்வையை ஏஐ கொண்டு திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ஆல்பம், நினைவுப்படம், வரன் பார்க்கக் கொடுக்கும் படம் என்று முகங்களோடு உட்கார்ந்திருப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. முன்பெல்லாம் "முகத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிக் கொடுங்கள்" என்பார்கள். இப்போது அதே அளவுக்கு வரும் வேண்டுகோள் இது: "கண் கேமராவைப் பார்க்கிற மாதிரி மாற்றிக் கொடுங்கள், ஏஐயில் முடியுமாமே?" முடியும். ஆனால் கேமரா நின்ற இடத்தால் வந்த பிழையைத் திருத்துவது ஒன்று, அந்த நேரத்தில் ஒருவர் எதைப் பார்த்தாரோ அதையே மாற்றுவது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செய்த வேலைகள்தான் பின்னால் என்னை உறுத்தியிருக்கின்றன. வாடிக்கையாளர்களும் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பார்வைத் திருத்தம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கருவிழிகள் நோக்கும் திசையை மட்டும் மாற்றுவது. கண்ணைப் பெரிதாக்குவது, வெண்விழியை வெளுப்பது, கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை எடுப்பது எல்லாம் தனித்தனி வேலைகள். பல ஆப்களில் ஒன்றைக் கேட்டால் நான்கையும் சேர்த்துச் செய்துவிடுகின்றன. "கண் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் அவராக இல்லை" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லோரும் கேமராவைத்தானே பார்த்தோம்? பிறகு ஏன் படத்தில் கண் விலகி நிற்கிறது?

கல்யாண மேடையை நினைத்துப் பாருங்கள். ஸ்டில் எடுப்பவர் நடுவில், வீடியோ எடுப்பவர் அவருக்கு இரண்டடி தள்ளி, இடையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கும் சித்தப்பா, அத்தை மகன். மேடையில் நிற்கும் எட்டுப் பேரும் ஆளுக்கொரு லென்ஸைப் பார்க்கிறார்கள். அவரவர் கேமராவைத்தான் பார்த்தார்கள், அது நம்முடைய கேமரா இல்லை, அவ்வளவுதான்.

செல்ஃபியில் காரணம் வேறு. நாம் லென்ஸைப் பார்ப்பதில்லை, திரையில் தெரியும் நம் முகத்தைப் பார்க்கிறோம். போனை 45 செ.மீ. தூரத்தில் பிடித்து, லென்ஸுக்கு 7 செ.மீ. கீழே பார்த்தால் பார்வை கிட்டத்தட்ட 9 டிகிரி இறங்கிவிடும். போனைப் படுக்கையாகப் பிடித்தால் அதே விலகல் பக்கவாட்டில் வரும், அது இன்னும் உறுத்தும். மடிக்கணினி முன் உட்கார்ந்து எடுக்கும் படங்களில் 11, 12 டிகிரி சாதாரணம்.

எவ்வளவு விலகினால் பார்ப்பவருக்குத் தெரியும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவான விலகலே தெரிந்துவிடும். மற்ற குரங்கினங்களோடு ஒப்பிட்டால் மனிதக் கண்ணில் வெண்விழி அதிகமாக வெளியே தெரிகிறது. வெள்ளைக்கு நடுவில் கறுப்பு எங்கே நிற்கிறது என்பதை நம் மூளை யோசிக்காமலே அளந்துவிடுகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அளப்பதில்லை. வீடியோ உரையாடலில் கண் சந்திப்பைப் பற்றி மில்டன் சென் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், எதிரில் இருப்பவர் நம் கண்ணுக்குச் சற்றுக் கீழே பார்த்தால் நாம் பொறுத்துக்கொள்கிறோம், இடம், வலம், மேலே விலகினால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம் என்று தெரிந்தது. கொஞ்சம் கீழே இறங்கிய பார்வையைத் திருத்தலாமா வேண்டாமா என்று நான் தயங்கினால், பெரும்பாலும் விட்டுவிடுவது இதனால்தான்.

அளவு பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வயதுவந்தவர்களின் கருவிழி அகலம் ஏறக்குறைய எல்லோருக்கும் 12 மி.மீ. தான். ஆக ஒவ்வொரு முகத்திலும் ஒரு ஸ்கேல் தயாராக இருக்கிறது. கண் 5 டிகிரி திரும்பினால் கருவிழி 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகரும். 10 டிகிரிக்கு 1.7 மி.மீ., அதாவது கருவிழி அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. முகம் மட்டும் நிறைந்த படத்தில் கருவிழி 170 பிக்சல் அகலம் இருந்தால் 5 டிகிரி என்பது 12 பிக்சல், அதைத் திருத்தலாம். இருபது பேர் நிற்கும் படத்தில் கருவிழியே 15 பிக்சல்தான் என்றால் அதே 5 டிகிரி ஒரு பிக்சல். அங்கே கை வைத்தால் கெடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏஐ உள்ளே என்ன செய்கிறது?

மூன்று விதமாகச் செய்கிறது, மூன்றின் குணமும் வேறு வேறு.

முதலாவது, இருக்கும் பிக்சல்களையே இழுத்து நகர்த்துவது. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நியூரல் நெட்வொர்க் (படங்களைப் பார்த்துக் கற்ற ஏஐ அமைப்பு) கணிக்கும். 2016-இல் வந்த டீப்வார்ப் என்ற ஆய்வு இந்த வழியில் முக்கியமானது. ஆளின் சொந்தக் கண்ணே நகர்வதால் அடையாளம் கெடாது. ஆனால் மறைந்திருந்த வெண்விழியைப் புதிதாகக் கொண்டுவர முடியாது என்பதால் அதிகம் நகர்த்தினால் கண்ணோரம் இழுபடும். 2019-இல் ஆப்பிள் தன் வீடியோ கால் ஆப்பான ஃபேஸ்டைமில் பார்வைத் திருத்தத்தைச் சோதித்தபோது, மூக்குக்கண்ணாடியின் காம்பைக் கண்ணுக்கு முன்னால் நகர்த்தியவர்கள் அந்த நேர்க்கோடு கண்ணருகில் வளைவதைப் பார்த்தார்கள். உள்ளே பிக்சல்கள் இழுபடுவது வெளியே தெரிந்த தருணம் அது.

இரண்டாவது, அதே ஆளின் இன்னொரு படத்தைப் பார்த்துக் கண்ணை வரைவது. மூடிய கண்ணைத் திறக்க ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2018-இல் இப்படி ஒரு முறையை வெளியிட்டார்கள். கூகுள் பிக்சல் 8 போனில் 2023-இல் வந்த 'பெஸ்ட் டேக்' இன்னும் எளிமையானது: தொடர்ச்சியாக எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் நல்ல முகத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே படத்தில் பொருத்துகிறது.

மூன்றாவது, கண் பகுதியைப் புதிதாகவே உருவாக்குவது. ஜெமினி, சாட்ஜிபிடி, ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் எல்லாம் இந்த வகை. பார்க்க மிக இயல்பாக இருக்கும். ஆனால் அது வரைந்த கண், உங்கள் ஆளுடைய கண் அல்ல.

கருவிழியை வெட்டி நகர்த்தி வைத்தால் போதாதா? ஏஐ எதற்கு?

பக்கவாட்டில் சின்ன விலகல் என்றால் போதும். லேயரில், அதாவது படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில், கருவிழியைப் பிரதியெடுத்து, வெண்விழியை நிரப்பி, இமை விளிம்பை மாஸ்க்கால் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) காப்பாற்றினால் பத்து நிமிட வேலை. நான் இன்றும் பல படங்களை அப்படித்தான் முடிக்கிறேன். மேலும் கீழும்தான் சிக்கல், ஏனென்றால் அங்கே கருவிழி தனியாக நகர்வதில்லை. கீழே பார்க்கும்போது மேல் இமையும் கூடவே இறங்குகிறது. இமையின் மடிப்பு மாறுகிறது, முடிகள் சாய்கின்றன. நேராகப் பார்க்கும் கண்ணில் மேல் இமை கருவிழியின் உச்சியை 1 முதல் 2 மி.மீ. வரை மூடியிருக்கும். இமையை அப்படியே வைத்துக் கருவிழியை மட்டும் தூக்கினால் பாதி தூங்கும் முகம் வரும். இமையை அளவுக்கு மேல் தூக்கி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் மிரண்டுபோன முகம்.

அடுத்தது கண்ணில் விழும் ஒளிப்புள்ளி, கேட்ச்லைட். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சிலர் கருவிழியோடு சேர்த்து ஒளிப்புள்ளியையும் முழுத் தூரம் நகர்த்துகிறார்கள், சிலர் அதைத் தொடாமல் அப்படியே விடுகிறார்கள். இரண்டும் தவறு. ஒளிப்புள்ளி விழுவது கண்ணின் முன்னால் புடைத்திருக்கும் கண்ணாடி போன்ற கார்னியாவின் மேல். கண் திரும்பும்போது கருவிழி நகரும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்தப் புள்ளி நகரும். இரண்டு கண்ணிலும் அது ஒரே பக்கத்தில், ஒரே உருவத்தில் இருக்க வேண்டும். சாஃப்ட்பாக்ஸ் விளக்கு சதுரமாக ஒரு கண்ணிலும், குடை விளக்கு வட்டமாக இன்னொரு கண்ணிலும் தெரிந்தால் அது ஏஐ செய்த வேலை என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, மூக்கு. பார்வையின் திசை கண்ணில் மட்டும் இல்லை. வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1824-இலேயே இதைக் காட்டினார். வரைந்த ஒரு ஜோடிக் கண்களை அப்படியே வைத்துக்கொண்டு, மூக்கும் வாயும் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் வேறு பக்கம் திரும்பியதாக மாற்றி வைத்தார். தொடாத அதே கண்கள் வேறு திசையில் பார்ப்பதாகத் தோன்றின! அதனால் கருவிழியை மிகச் சரியான இடத்தில் வைத்த பிறகும் "இன்னும் என்னைப் பார்க்கவில்லையே" என்று தோன்றினால் கண்ணை மேலும் நோண்டாதீர்கள், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். தலை 30 டிகிரி திரும்பியிருக்கும்போது கண்ணை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது ஓரக்கண் பார்வை. சிலருக்கு அது அழகு. வரன் பார்க்கும் படத்துக்கு வேண்டாம்.

எந்த மென்பொருள் நல்லது?

ஃபோட்டோஷாப்பில் 2020 அக்டோபரில் ஏஐ கொண்டு திருத்தும் நியூரல் ஃபில்டர்கள் வந்தபோது, அவற்றில் ஸ்மார்ட் போர்ட்ரெய்ட் என்ற பகுதியில் பார்வைக்கென்றே ஒரு ஸ்லைடர் இருந்தது. சின்னத் திருத்தங்களுக்கு நல்லது, ஓரத்துக்கு இழுத்தால் கன்னமும் சேர்ந்து அசையும். வடிவத்தை இழுத்து மாற்றும் லிக்விஃபையில் முகத்துக்கென்று உள்ள கருவிகள் கண்ணின் அளவையும் சாய்வையும் மாற்றும், பார்வையை மாற்றாது. பலர் அங்கே தேடி ஏமாறுகிறார்கள். போன் ஆப்கள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே சோதனை போதும்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவர் அவராகவே திரும்பி வருகிறாரா?

சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ "கேமராவைப் பார்க்க வை" என்று கேட்டேன். கண் சரியாகிவிட்டது, ஆனால் முகமே யாரோ மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

இந்த வகைக் கருவிகள் உங்கள் படத்தில் கண்ணை மட்டும் திறந்து வேலை செய்வதில்லை. படத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, பல சமயம் முழுப் படத்தையும் திரும்ப உருவாக்கித் தருகின்றன. அப்போது மூக்கின் அகலம், பல்வரிசை, கன்னத்து மச்சம், மேல் உதட்டின் வளைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகரும். ஒவ்வொன்றும் தனியாகத் தெரியாது. மொத்தமாகச் சேரும்போது அம்மா பார்த்ததும் "இது என் பிள்ளை மாதிரி இல்லையே" என்பார்.

நான் செய்வது இப்படி. அசல் படத்திலிருந்து முகத்தை மட்டும் சதுரமாக வெட்டிக் கொடுப்பேன். கட்டளை சுருக்கமாக இருக்கும்: "கருவிழிகளை மட்டும் லென்ஸை நோக்கித் திருப்பு. இமை மடிப்பு, புருவம், தோல், முடி, வெளிச்சம், கருவிழியின் நிறம் எதையும் மாற்றாதே." அழகாக, தெளிவாக, தொழில்முறைத் தரத்தில் என்றெல்லாம் சேர்க்க மாட்டேன். அந்த வார்த்தைகள்தான் தோலை மெழுகாக்குகின்றன. திரும்பி வந்த படத்தை அசலின் மேல் ஒரு லேயராக வைத்து, இரண்டு கண்ணோரங்களையும் சரியாகப் பொருத்தி, கறுப்பு மாஸ்க் போட்டு, இமைகளுக்கு நடுவில் உள்ள பகுதியை மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறப்பேன். மேலோ கீழோ மாறிய பார்வை என்றால் மேல் இமையையும் சேர்த்துத் திறப்பேன். மற்ற முகம் முழுவதும் அசல். கடைசியில் அசலில் உள்ள கிரெய்ன் (படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்) அளவுக்குக் கண் பகுதியிலும் கிரெய்ன் சேர்க்க வேண்டும். ஏஐ தரும் கண் மிகவும் சுத்தமாக இருக்கும், அந்தச் சுத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

நம்முடைய கறுப்பு விழிகள் ஏன் பழுப்பாகிவிடுகின்றன?

நம்மில் பெரும்பாலோருக்கு விழி அடர் பழுப்பு. சாதாரண வெளிச்சத்தில் நடுவில் உள்ள பாப்பாவுக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் எல்லையே தெரியாது, இரண்டும் சேர்ந்து ஒரே கறுப்பு வட்டமாக நிற்கும். உருவாக்கும் ஏஐக்கு அந்த எல்லையைக் காட்ட ஆசை. அதனால் வளையத்தைத் தேன் நிறத்துக்கு வெளிறச் செய்து, கோடுகள் போட்டு, பாப்பாவைத் தனியாகத் தெரிய வைக்கும். கூடவே வெண்விழியைக் காகிதம் மாதிரி வெளுக்கும். அடர்நிறத் தோல் உள்ள பலருக்கு வெண்விழியில் இலேசான பழுப்புப் படலம் இயல்பாகவே இருக்கும், குறிப்பாகக் கருவிழியைச் சுற்றி. அது அழுக்கு இல்லை, அந்த முகத்தின் நிறம். அதை எடுத்துவிட்டால் கறுத்த முகத்தில் பொம்மைக் கண் பதித்தது போல இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏஐயிடமிருந்து கண்ணின் வடிவத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தை அசலிலிருந்து எடுங்கள். அசல் கருவிழியிலும் வெண்விழியிலும் நிறத்தை எடுத்து, கலர் பிளெண்ட் மோடில் (நிறம் மட்டும் மாறி வெளிச்சம் அப்படியே இருக்கும் முறை) மேலே பூசினால் இரண்டு நிமிடத்தில் ஆள் திரும்பி வந்துவிடுவார்.

கண்ணாடி அணிந்தவர்களுக்கு?

கஷ்டம். லென்ஸில் விழும் பச்சை, நீலப் பிரதிபலிப்பு கண்ணுக்கு மேல் தனி அடுக்காக இருக்கிறது. கண் நகர்ந்தாலும் அது நகரக் கூடாது. ஏஐ இரண்டையும் கலந்துவிடும். அதிக மைனஸ் பவர் உள்ள கண்ணாடியில் முகத்தின் விளிம்பு உள்வாங்கித் தெரிவதையும் நேராக்கிவிடும். பிரதிபலிப்பு கருவிழியைத் தொடவில்லை என்றால் முயலலாம். தொட்டால் அதே நேரத்தில் எடுத்த வேறு படத்தைத் தேடுங்கள்.

மூடிய கண்ணைத் திறக்கலாமா?

அதே ஆளின் இன்னொரு படம் இருந்தால் திறக்கலாம். இல்லாவிட்டால் திறப்பது அவருடைய கண் அல்ல.

குழுப்படத்தில் நான்கு பேர் வேறு பக்கம் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

ஏஐயை மறந்துவிட்டு, முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களைத் திறங்கள். மேடைப் படத்துக்குக் குறைந்தது ஐந்து கிளிக்காவது இருக்கும். அவற்றில் ஒன்றில் அந்தப் பெரியப்பா நம்மைப் பார்த்திருப்பார். அதே வெளிச்சம், அதே நகை, அதே வியர்வை, அவருடைய சொந்தக் கண். தலையோடு எடுத்துப் பொருத்தினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, யாருக்கும் மனக்குறையும் இருக்காது. ஸ்டில் எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: குழுப்படத்தில் ஒன்று போதும் என்று நிறுத்தாதீர்கள், தேர்வு செய்யும்போது மீதியை அழிக்கவும் செய்யாதீர்கள்.

மணப்பெண் தலை குனிந்து கீழே பார்க்கிறார். நிமிர்த்திக் கேமராவைப் பார்க்க வைக்கலாமா?

தாலி கட்டும் நேரத்தில் கீழே பார்க்காமல் வேறெங்கே பார்ப்பார்? மாப்பிள்ளையின் கையைப் பார்ப்பதும், அம்மாவைத் தேடுவதும், புகையில் கண் சுருங்குவதும்தான் அந்தப் படம். நடப்பதை எடுத்த படங்களில் பார்வையைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிறுத்தி வைத்து எடுத்த படங்களில் மட்டும் திருத்துங்கள், ஏனென்றால் அங்கே அவர் கேமராவைப் பார்க்கத்தான் நின்றார்.

பாஸ்போர்ட், விசா படத்தில் பார்வை சற்று விலகியிருக்கிறது. திருத்திக் கொடுக்கலாமா?

கூடாது. கண் திறந்து நேராகக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதோடு அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகள் கணினியில் மாற்றிய படத்தை ஏற்பதில்லை. அமெரிக்கா ஏஐயைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. இன்னொரு முறை உட்கார வைத்து எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். செய்திப் படங்களுக்கும் இதே பதில்தான்.

மாறுகண் உள்ளவரின் படத்தில் கண்ணை நேராக்கித் தரச் சொன்னால்?

யார் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். படத்தில் இருப்பவரே கேட்டால் அது அவருடைய முகம், அவருடைய விருப்பம். பொறுமையாகச் செய்து கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் அண்ணனோ மாமியாரோ தரகரோ கேட்டால் நான் செய்வதில்லை. படத்தை நம்பி நேரில் பார்க்க வருகிறவர் முன்னால் அவமானப்படப்போவது அந்தப் பெண்தான், கேட்டவர் அல்ல. இன்னொன்று: "கண்ணைச் சரிசெய்" என்று பொதுவாகக் கட்டளை கொடுத்தால் பல கருவிகள் கேட்காமலே மாறுகண்ணை நேராக்கிவிடுகின்றன. குழுப்படத்தில் ஒருவருக்கு அப்படி நடந்துவிட்டதா என்று அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயம் இதைவிட முக்கியம். படத்தில் குழந்தையின் கண் விலகித் தெரிந்தால் திருத்துவதற்கு முன் பெற்றோரிடம் சொல்லுங்கள். இரு கண்களுக்கு நடுவில் மூக்கின் மேற்பகுதி அகன்றிருப்பதால் விலகியது போலத் தெரியும் குழந்தைகள் பலர் உண்டு, அது வளர வளரச் சரியாகிவிடும். ஆனால் பிறந்து 4 மாதம் தாண்டிய பிறகும் கண் விலகி நின்றால் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். உண்மையான மாறுகண்ணைச் சிறு வயதிலேயே கவனிக்காவிட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்கி, பார்வையே மங்கிவிடும். ஃபிளாஷ் படத்தில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால், அதை அழித்து அழகாக்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெளிச்சம் விழுந்த கோணத்தால் அப்படி வருவதும் உண்டு. ஆனால் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அந்தப் படத்தைத் திருத்தாமல் அப்படியே மருத்துவரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள்.

அப்பாவின் ஒரே நல்ல படம். வேறு பக்கம் பார்க்கிறார். மாலை போட்டு மாட்ட, எங்களைப் பார்ப்பது போல மாற்ற முடியுமா?

அதிகம் வரும் கேள்வியும் அதிகம் யோசிக்க வைக்கும் கேள்வியும் இதுதான். அவரைக் கேட்க முடியாது.

முதலில் வீட்டில் இருக்கும் எல்லாப் படங்களையும் கொண்டுவரச் சொல்வேன்: ரேஷன் கார்டு, பழைய அடையாள அட்டை, யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தின் மூலையில் நிற்பது, வாட்ஸ்அப் வீடியோ. வீடியோவில் ஒரு நொடி நேராகப் பார்த்திருந்தால் போதும், அந்த ஃபிரேமிலிருந்து அவருடைய இமையின் சரிவும் கண்ணின் அகலமும் கிடைத்துவிடும். ஏஐயிடம் அதை மாதிரிப் படமாகக் கொடுத்தால், அது தானாகக் கற்பனை செய்யும் கண்ணைவிடப் பல மடங்கு அருகில் வரும். பிறகு அவரோடு நீண்ட நாள் வாழ்ந்த ஒருவரிடம் காட்டுவேன். வெளியூரில் இருக்கும் மகன் "சூப்பர்" என்று சொன்ன படத்தை, அம்மா பார்த்து "இப்படி முறைக்க மாட்டாரே" என்று சொல்லி நான் மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.

ஒரு முறை ஒரு அக்கா இப்படி ஒரு படம் கொண்டுவந்தார். வெட்டிய படம், அப்பா இடது பக்கம் கீழே பார்த்துச் சிரிக்கிறார். முழுப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் எடுத்து வந்தார். இடது பக்கத்தில் ஏழு வயதுப் பெண்ணாக அவரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முழுப் படத்தையே பெரிதாக்கிக் கொடுத்தேன். ஆனால் அவர் தம்பிக்கு நேராகப் பார்க்கும் படம்தான் வேண்டும், தினமும் விளக்கேற்றும்போது அப்பா தன்னைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். அவருக்கு 8 டிகிரி அளவுக்குத் திருத்தி, தலையை அப்படியே விட்டுக் கொடுத்தேன். இரண்டு படமும் இரண்டு வீட்டில் இருக்கின்றன.

வேலையில் கண்ணை எப்போது செய்ய வேண்டும்?

கடைசியில். சிலைக்கும் ஸ்தபதிகள் கடைசியில்தான் கண் திறப்பார்கள். நமக்கு அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: நிறம், வெளிச்சம், கிரெய்ன் எல்லாம் முடிவான பிறகு செய்தால்தான் கண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. முடித்ததும் 200 சதவீதத்தில் பார்த்துத் திருப்திப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அச்சாகும் அளவில், இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். படத்தைப் பக்கவாட்டில் புரட்டிப் பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத பிழை அப்போது தெரியும்.

வீடியோ காலில் வரும் 'ஐ கான்டாக்ட்' இதேதானா?

அடிப்படை ஒன்றுதான். கண்ணைக் கேமரா பக்கம் திருப்பிக் காட்டும் இந்த வசதி, என்விடியாவின் வீடியோ மென்பொருளான பிராட்காஸ்ட்டில் 2023 ஜனவரியில் வந்தது. நேர்காணலில் திரையைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு உதவும். ஆனால் இடைவிடாமல் கேமராவையே பார்க்கும் கண் எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தும். பேசும்போது மனிதர்கள் கண்ணை எடுத்து யோசிப்பார்கள்.

படம் எடுக்கும்போதே இதைத் தவிர்க்க என்ன வழி?

செல்ஃபியில், முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, கிளிக் செய்யும் நொடியில் லென்ஸுக்குப் பார்வையை மாற்றுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பொட்டு ஒட்டி வைத்தால் குழந்தைகளும் பழகிவிடுவார்கள். போனைத் தள்ளிப் பிடித்தால் கோணம் குறையும். மேடையில், "ஒரு நிமிஷம், எல்லோரும் இங்கே மட்டும்" என்று கையை லென்ஸுக்கு மேலே உயர்த்திக் காட்டுங்கள், வீடியோக்காரரையும் செல்போன்களையும் அந்த அரை நிமிடம் உங்கள் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கேட்டால் நிற்பார்கள்.

மற்றவர்களின் படத்தை ஆன்லைன் கருவியில் ஏற்றலாமா?

அவர்களைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். முகம் வெளியே உள்ள ஒரு சர்வருக்குப் போகிறது, அங்கே எவ்வளவு நாள் இருக்கும், பயிற்சிக்குப் பயன்படுமா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. குழந்தைகள் படத்தை நான் கணினியிலேயே ஓடும் கருவியில் மட்டும்தான் செய்கிறேன்.

திருத்திய பிறகு அசலை என்ன செய்வது?

இரண்டையும் கொடுத்துவிடுங்கள். திருத்திய கோப்பின் பெயரில் 'பார்வை திருத்தியது' என்று தேதியோடு எழுதுங்கள், பென் டிரைவில் அசலுக்குத் தனி ஃபோல்டர் போடுங்கள். அந்தத் தம்பி வீட்டுப் படத்தின் பின்பக்க அட்டையிலும் அப்படி ஒரு வரி எழுதித்தான் ஒட்டினேன், அசல் அக்கா வீட்டில் இருக்கிறது என்ற குறிப்போடு.